அப்பா பதிவு செய்த தில்லானா மோகனாம்பாள் கேசட் சிக்கிக்கொண்டது, உதவி வேண்டும்

வணக்கம். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் தில்லானா மோகனாம்பாள் (1968) போட்டபோது, அப்பா டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சி-90 ஆடியோ கேசட் இது. படம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், தெரியும். ஆனால் சிவாஜி நாதஸ்வரத்தை எடுக்கும் இடங்களில், நிஜத்தில் வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைப் பற்றி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். அவர் குரல் எங்களிடம் இருப்பது இந்த ஒரே கேசட்டில்தான்.

ஏ பக்கம் பத்து நிமிடம் நன்றாகப் பாடுகிறது. அப்புறம் வேகம் குறைந்து சுருதி இறங்குகிறது, கிறீச்சென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. பி பக்கம் சுற்றவே இல்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிகிறது, பூஞ்சையாக இருக்கலாம்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாயிற்று, பெல்ட்டும் புதிது. அதே பிளேயரில் மற்ற கேசட்டுகள் சரியாக ஓடுகின்றன. முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்தப் பார்த்தால் பாதியில் இறுகுகிறது, அறுந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன். கூட்டில் திருகு கிடையாது, ஒட்டிய வகை. டவுன் ஹால் ரோட்டில் கேட்ட கடைகளில் இப்போது கேசட் வேலை எடுப்பதில்லை என்கிறார்கள்.

கூட்டைப் பிளந்து, நாடாவைச் சுத்தம் செய்து, வேறு கூட்டுக்கு மாற்றிக் கணினியில் ஏற்றித் தருபவர் மதுரை, திண்டுக்கல் பக்கம் யாராவது இருக்கிறார்களா?