ஆறாம் வகுப்புக்கு அரசு மேல்நிலைப் பள்ளியா, தனியார் பள்ளியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

கேள்வி (ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தனியார் தொடக்கப் பள்ளியில் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், ஜூன் மாதம் அவளை வேறு பள்ளியில் சேர்த்தாக வேண்டும். ஏழு கிலோமீட்டர் தொலைவில், சுற்றுவட்டாரத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்து படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்க்கலாம் என்பது என் கணவரின் விருப்பம். மெட்ரிக் பள்ளியின் வேன் வாசலுக்கே வரும்போது பெண்பிள்ளையை எதற்காகப் பேருந்தில் அனுப்ப வேண்டும் என்று என் மாமியார் கேட்கிறார். அவர் கவலையையும் நான் தள்ளிவிட முடியவில்லை.

நானும் அந்த அரசுப் பள்ளியில்தான் படித்தேன். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் நான் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது கணித ஆசிரியர் பணியிடம் பல மாதங்கள் காலியாகவே கிடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் தற்காலிகமாக ஒருவரை நியமிப்பதற்குள் பாதி ஆண்டு போய்விட்டது. கணிதத்தில் நான் எடுத்த மதிப்பெண்ணே என் வழியை மாற்றிவிட்டது. அது மகளுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சம் எனக்கு உண்டு. நான் முதல்வன், வானவில் மன்றம், புதுமைப் பெண், 7.5 விழுக்காடு ஒதுக்கீடு என்றெல்லாம் இப்போது கேள்விப்படுகிறேன். இவை பள்ளிக்குள் உண்மையில் எப்படி நடக்கின்றன? சேர்ப்பதற்கு முன் நான் எதையெல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை)

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கேள்விக்குள் ஒரு காலக்கெடு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பெற்றோர் அதைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகுதான் அறிந்து வருந்துகிறார்கள். மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு அதே அளவிலான ஒதுக்கீடு 2021-இல் வந்தது. இரண்டுக்குமே, மாணவர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கட்டணம் செலுத்திப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் மாறிக்கொள்ளலாம் என்று எண்ணினால் அந்த வழி அடைபட்டுவிடும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற வரையறைதான். கல்லூரியில் படித்து முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வந்துசேரும். ஆகவே உங்கள் மகளைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டிய ஆண்டு இந்த ஆண்டுதான்.

ஆனால் இந்தச் சலுகைக்காக மட்டும் ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஏழு ஆண்டுகள் அவள் அங்கே வாழப் போகிறாள். நீங்கள் கேட்ட திட்டங்களில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உரியது வானவில் மன்றம். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட இதில், கருத்தாளர் ஒருவர் எளிய பொருள்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து அறிவியல், கணிதச் செயல்பாடுகளைப் பிள்ளைகளையே செய்ய வைப்பார். இதை ஆர்வத்தோடு எடுத்துச் செல்லும் அறிவியல் ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அடுத்த வாரம் பிள்ளைகள் தாங்களாகவே பலூனும் குழாயும் கொண்டு வருவார்கள். அப்படி ஒருவர் இல்லாத பள்ளியில் கருத்தாளர் வந்து போன நாள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். கலைத் திருவிழாவும் அப்படியே. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் இந்தப் போட்டிகளில், வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி பறையடித்து மாவட்டம் வரை சென்றதையும், திரும்பி வந்த பிறகு அவள் முதல் வரிசையில் உட்காரத் தொடங்கியதையும் நான் என் பள்ளியில் கண்டிருக்கிறேன். அதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களே இருக்கிறார்கள். அவர்கள் வாரத்தில் மூன்று அரை நாள்களே வருவதால், ஆறாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை உண்மையில் கிடைக்கிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு வரும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமான இதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள் உள்ளன. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகிறவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பள்ளியில் சென்ற மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் இதில் தேர்வானார்கள் என்று கேளுங்கள். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிலும் அந்த எண் ஒரு பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அதற்குப் பயிற்சி தர ஆசிரியர் மாலையில் தானாக முன்வந்து உட்கார வேண்டும்.

உங்கள் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டையில் எழுத்தறிவு பரப்பும் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். நானும் அப்போதுதான் கற்றேன். பிறகு பல ஆண்டுகள் மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்றேன். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் தனியே பயணம் செய்வது நமக்குப் புதிதன்று என்பதை அந்த அம்மாவிடம் அன்போடு சொல்லுங்கள். முதல் மாதம் மட்டும் யாரேனும் ஒருவர் கூடப் போய்வந்தால் போதும்.

மறுமொழி 2 (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்)

அம்மா கூறியவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். சகோதரியின் அச்சம் ஆசிரியர் பணியிடம் பற்றியது என்பதால் அதற்கு மட்டும் விடை சொல்கிறேன். தலைமையாசிரியரைச் சந்திக்கும்போது, “ஆசிரியர்கள் இருக்கிறார்களா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் என்ற இரு நிலைகளிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்புதல் பெற்ற பணியிடம் எத்தனை, இன்று பணியில் இருப்பவர் எத்தனை பேர், இந்தக் கல்வியாண்டில் ஓய்வு பெறுகிறவர் யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொது மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர்கள் இடம் மாறுவதால், மார்ச் மாதத்தில் நிறைந்திருக்கும் பணியிடம் ஜூலையில் காலியாகலாம். எங்கள் பள்ளியில் இயற்பியல் இடம் அப்படித்தான் காலியானது. நாங்கள் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் சென்றோம். முதலில் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். நிரந்தர ஆசிரியர் அடுத்த ஆண்டுதான் வந்தார். தனி ஒரு பெற்றோராகப் போயிருந்தால் அந்தத் தற்காலிக ஆசிரியர்கூடக் கிடைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோராகவே இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை குழு அமைக்கப்படும்போது நீங்களே போட்டியிடுங்கள்.

மாணவியர் கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள். தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டாம். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது, ஆதலால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டே பேருந்து ஏற வேண்டும்.

மறுமொழி 3 (அரசுப் பள்ளியில் படித்த மாணவி, பொறியியல் மூன்றாம் ஆண்டு)

அக்கா, நான் ஆறு முதல் பன்னிரண்டு வரை இப்படிப்பட்ட ஒரு பள்ளியில், தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே செலுத்துவதால் என் அப்பா கடன் வாங்கவில்லை. கல்லூரியில் முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் விரிவுரைகளைப் பின்தொடர்வது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, ஒரு பாடத்தில் தோல்வியும் அடைந்தேன். இரண்டாம் பருவத்தில் சரிசெய்துகொண்டேன்.

நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டுதலுக்கு எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றிருந்தார். எந்தப் படிப்புக்கு எந்த நுழைவுத்தேர்வு, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பதை அவர் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார். என் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான் என்பதால், அந்தக் கரும்பலகை ஓரம் இல்லையென்றால் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் பார்க்க வேண்டியது மாலைப் பேருந்து. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் சிறப்பு வகுப்பு முடிய ஆறு மணி ஆகிவிடும். எங்கள் வழித்தடத்தில் ஐந்தரைக்குப் பிறகு ஏழே காலுக்குத்தான் அடுத்த பேருந்து. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் நால்வர் சிறப்பு வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்புவோம். பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கிடைத்த பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரிடம் அறிவொளி இயக்கத்தைப் பற்றிச் சொன்னேன். தானும் அப்போது மிதிவண்டி பழகிக் கீழே விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார், பேருந்தைப் பற்றி அதன்பின் பேசவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குச் சென்று பணியிடங்களையும் பேருந்து நேரத்தையும் கேட்கவிருக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. அங்கே தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இருக்கின்றன; எதில் சேர்ப்பது? இப்போதைய பள்ளியில் கொஞ்சம் கட்டண நிலுவை இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதிப்பார்கள் என்று தோன்றுகிறது. அதனால் சேர்க்கை தடைபடுமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை)

மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பிறப்புச் சான்றிதழையும் ஆதார் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழைப் பின்னர் ஒப்படைக்கலாம்.

பயிற்று மொழியைப் பொறுத்தவரை, தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு என்பதைச் சொல்லிப் பலர் உங்களுக்கு அறிவுரை கூறக்கூடும். அந்தச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. ஆகவே பயன் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, பொருளைத் தமிழில் கேளுங்கள். தடையின்றிச் சொன்னால் ஆங்கில வழியிலேயே தொடரட்டும். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நின்றால், அறிவியலும் கணக்கும் புரிந்து படிப்பதற்காகத் தமிழ் வழியில் சேருங்கள். திங்கட்கிழமை செல்லும்போது அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இடைவேளை நேரத்தில் போனால் வகுப்பறை, மைதானம், நூலகம் எல்லாவற்றையும் அவளே சுற்றிப் பார்த்துவிடுவாள்.