புதுப்பிப்பு: உட்கார்ந்தா திட்டுற அண்ணாச்சி
மதுரை விளக்குத்தூண் பக்கம் நான் மேனேஜரா இருக்குற ஜவுளிக்கடையில, கூட்டம் இல்லாத நேரம் புதுப் பசங்க உட்கார்ந்தா மூத்த சூப்பர்வைசர் அண்ணாச்சி திட்டுறாருன்னு கேட்டிருந்தேன்ல?

நீங்க சொன்னபடி 2021 சட்டத்திருத்தத்தைக் காட்டினேன். தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கொடுத்தே ஆகணும்னு அதுல இருக்கு. "நாங்கல்லாம் நின்னே காலம் ஓட்டலையா?"ன்னு முறைச்சாரு. முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டதும் முதல்ல உட்கார்ந்தது அவருதான். வெரிகோஸ் நரம்பு படுத்துற பாடு அப்படி!

இப்ப பட்டு ரகம் புரியலன்னா பசங்க அவர்கிட்டதான் போறாங்க. வாட்ஸ்அப்ல புடவைப் படம் அனுப்ப அவருக்குச் சொல்லித் தர்றதும் அவங்கதான்.

வேலை நேரத்துல செல்போன் பார்க்குறதைப் பத்தின சண்டை மட்டும் ஓயல. பில் போடுறப்ப யாரும் தொடக்கூடாது, அண்ணாச்சியும் சேர்த்துத்தான்னு கறாரா சொல்லியிருக்கேன். தீபாவளிக் கூட்டத்துல எவ்வளவு தூரம் நிக்குதுன்னு பார்க்கணும்.