புதுப்பிப்பு: பாக்கெட் இப்போது போய்ச் சேருகிறது

அமெச்சூர் ரேடியோவில் தொனிகளாக அனுப்பும் தரவுத் துண்டுதான் பாக்கெட். அதைக் கையாளும் கணினி மென்பொருளான டயர் வுல்ஃப் மற்றவர்களின் பாக்கெட்டைப் படிக்கிறது, ஆனால் நான் அனுப்புவதைச் சாவகச்சேரி நண்பரால் படிக்க முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். சரி, தீர்ந்தது.

கணினியின் சவுண்ட் கார்டின் வெளியீடு ஒரு வோல்ட் அளவுக்கு வரும். ரேடியோவின் மைக் உள்ளீட்டுக்குச் சில மில்லிவோல்ட்டே போதும். அதனால் தரவைச் சுமக்கும் 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகள் இரண்டும் நசுங்கிப் போயின. அளவைக் குறைக்க நடுவில் 10 கிலோஓம், 100 ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டதும் சத்தம் சுத்தமானது. ஹம் என்ற உறுமல் சத்தத்துக்கு 1:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். சார்ஜரைக் கழற்றினால் அது குறைந்ததே கிரவுண்ட் லூப்புக்கு (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாவது) சாட்சி.

வொக்ஸ் (சத்தம் வந்ததும் ரேடியோ தானாக அனுப்பத் தொடங்கும் வசதி) போதும் என்று சொன்ன மானிப்பாய் அண்ணைக்கு: பேச்சுக்குச் சரி. பாக்கெட் முடிந்த பிறகும் அது ரேடியோவை அனுப்பும் நிலையிலேயே பிடித்து வைக்கிறது, வரும் பதிலின் தலை வெட்டுப்படுகிறது. அதனால் ஆப்டோகப்ளர் (ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிறு பாகம்) வழியே பிடிடி (ரேடியோவை அனுப்ப வைக்கும் சுவிட்ச்) கொடுத்துவிட்டேன். அடுத்தது 145.825 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பாக்கெட் அனுப்பிப் பார்ப்பது.