காயப் பட்டியலில் எழுதப்படாதவை: கால்பந்து வீரர்களின் மனநலம் பற்றிய அனுபவப் பகிர்வு

அணியின் முன்னாள் பிசியோ

தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றில் நெடுங்காலம் பிசியோவாக, அதாவது இயன்முறைச் சிகிச்சையாளராகப் பணியாற்றியவன் நான். ஆட்டத்துக்கு முன்பு நாங்கள் தயாரிக்கும் காயப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உடலின் ஒரு பகுதியை எழுதியாக வேண்டும். தொடை, கணுக்கால், முழங்கால் என்று எதையாவது குறிப்பிட்டால்தான் அந்த வீரர் ஏன் ஆடவில்லை என்று நிருபர்களும் ரசிகர்களும் கேட்பதை நிறுத்துவார்கள். இளம் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர், ஆட்ட நாளன்று அணியின் பேருந்தில் ஏறப்போகும் நேரத்தில், நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சை உள்ளிழுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதயத்தில் கோளாறு ஏதுமில்லை என்று பரிசோதனையில் தெரிந்ததும், பின்தொடைத் தசைப்பிடிப்பு என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. அறிவித்தவர்கள் மறந்துபோனார்கள், அந்தப் பொய்யைச் சுமந்தவர் அவர்தான். பயிற்சித் திடலுக்கு வரும்போது சற்றே நொண்டி நடந்தார், நலம் விசாரித்தவர்களிடம் வலி குறைந்துவருவதாகச் சொன்னார், இருந்த பதற்றத்தோடு குட்டு உடைந்துவிடுமோ என்ற பயமும் அவருக்குச் சேர்ந்துகொண்டது.

அவர் என்னிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது சிகிச்சை மேசையில்தான். குப்புறப் படுத்திருப்பவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனாலேயே மேலாளருக்குத் தெரியாத பல செய்திகள் பிசியோவின் காதில் முதலில் விழுகின்றன. கேட்பதற்குத்தான் எனக்குத் தகுதி உண்டு, சிகிச்சை அளிப்பதற்கு இல்லை என்பதை அன்றே அவரிடம் சொல்லி, மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

பெரிய அணிகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. 2008 பிப்ரவரியில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்பெயின் தேசிய அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கவிருந்த போயான் கிர்கிச்சுக்கு அப்போது வயது 17. கடுமையான பதற்றத் தாக்குதலால் அவர் ஆட முடியாமல் போனபோது, வயிற்றுக் கோளாறு என்றே வெளியில் சொல்லப்பட்டது. அந்த ஆண்டின் யூரோ கோப்பையிலிருந்தும் அவர் விலகிக்கொண்டார். நாடு அழைத்தும் வர மறுத்தவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. நடந்ததை அவர் விரிவாகப் பேசியது 2018இல்தான். பத்து ஆண்டுகள் அந்தப் பழியோடு ஒருவர் ஆடியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கோல்கீப்பராக ஆடியவர்

பிசியோ ஐயா எழுதியதைப் படித்ததும் ராபர்ட் என்கேவைத்தான் நினைத்தேன். ஜெர்மனியின் ஹனோவர் 96 அணியின் கோல்கீப்பராகவும் தேசிய அணியின் முதன்மை கோல்கீப்பர் இடத்துக்கு நெருங்கியவராகவும் இருந்த அவர், 2009 நவம்பர் 10 அன்று, 32ஆம் வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசி மாதங்களில் சில வாரங்கள் அவர் ஆடாமல் இருந்ததற்குக் கிருமித் தொற்றே காரணம் என்று சொல்லப்பட்டிருந்தது. மறுநாளே அவருடைய மனைவி தெரேசா செய்தியாளர்கள் முன் அமர்ந்து, கணவர் பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்ததைச் சொன்னார். பிறவி இதயக் குறைபாட்டோடு பிறந்த அவர்களுடைய மகள் 2006இல் இறந்திருந்தாள். 2009இல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருந்தார்கள். நோய் வெளியே தெரிந்தால் அந்தக் குழந்தையைத் தங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்ற அச்சம்தான் என்கேவின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

கோல்கீப்பரின் தனிமையை மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு விளக்குவது கடினம். முன்கள ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளை வீணாக்கி, பதினோராவது வாய்ப்பில் கோல் அடித்தால் அன்றைய நாயகன் அவர்தான். கோல்கீப்பர் பத்துப் பந்துகளைத் தடுத்து, பதினோராவதை விட்டுவிட்டால் அந்த ஒன்றுதான் மறுநாள் எல்லோருடைய திரையிலும் ஓடும். என் ஆட்டக் காலத்தின் இறுதியில், விட்டுவிட்ட கோல் ஒன்று இரவெல்லாம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் நிலைக்கு வந்தேன். எனக்குக் கீழே இரண்டாம் கோல்கீப்பராக இருந்தவர், என் இடத்துக்குப் போட்டியாளர், ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு என் அருகில் அமர்ந்து, "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்டார். சுற்றி வளைக்காமல் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். என்னிடம் பின்னர் பேசிய மருத்துவர் அந்தத் தயக்கம் தேவையற்றது என்று உறுதியாகச் சொன்னார். அன்று மாலையே என்னை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அந்தப் போட்டியாளர்தான்.

தடுப்பாட்டக்காரராக ஆடிய பெண்

எனக்கு நேர்ந்தது உண்மையிலேயே முழங்காலில்தான். முழங்கால் மூட்டை நிலையாக வைத்திருக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. காயத்தைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் இல்லை. மடக்கும் கோணம், தசையின் வலு, ஓடத் தொடங்கும் நாள் என எல்லாவற்றுக்கும் அட்டவணை இருந்தது. அந்த ஓராண்டும் நான் அணியில் இருந்தும் இல்லாமல் இருந்தேன் என்பதற்கு மட்டும் அட்டவணை இல்லை. மற்றவர்கள் திடலுக்குப் போகும் நேரத்தில் நான் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அவர்கள் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பியபோது நான் வீட்டுக்குத் திரும்பினேன். வென்ற ஆட்டங்களின் மகிழ்ச்சியில் எனக்குப் பங்கு இல்லை என்று தோன்றியது, தோற்ற ஆட்டங்களின் துக்கத்துக்கும் உரிமை இல்லை என்று தோன்றியது. தசை தேறிய வேகத்துக்கு மனம் தேறவில்லை.

பன்னாட்டு வீரர்கள் சங்கமான பிப்ரோ 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது, இது என் தனிப்பட்ட பலவீனம் அல்ல என்று புரிந்தது. ஆடிக்கொண்டிருந்த 607 வீரர்களில் 38 விழுக்காட்டினரும், ஓய்வு பெற்ற 219 பேரில் 35 விழுக்காட்டினரும் மனச்சோர்வின் அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கடுமையான காயங்களை மூன்று முறையோ அதற்கு மேலோ சந்தித்தவர்களுக்கு இச்சிக்கல்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதல். அந்த ஆய்வு ஆண்களைப் பற்றியது. 2020இல், பெருந்தொற்றால் ஆட்டங்கள் நின்றிருந்தபோது அதே சங்கம் நடத்திய ஆய்வில் பெண்களையும் கேட்டார்கள்: மனச்சோர்வின் அறிகுறிகளைச் சொன்ன பெண்கள் 22 விழுக்காடு, ஆண்கள் 13 விழுக்காடு. குறுகிய ஒப்பந்தமும் குறைந்த ஊதியமும் கொண்டு ஆடும் எங்களுக்கு இந்த வேறுபாடு வியப்பைத் தரவில்லை.

பயிற்சிக்கழகத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சிறுவனின் தாய்

என் மகன் எட்டு வயதிலிருந்து ஒரே பயிற்சிக்கழகத்தில் வளர்ந்தவன். பதினாறாம் வயதில், அடுத்த பருவத்துக்கு நீ தேவையில்லை என்று ஒரு சிறிய சந்திப்பில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் அழவில்லை, அதைத் துணிவு என்று உறவினர்கள் பாராட்டினார்கள். பகலெல்லாம் உறங்கினான், நண்பர்களின் அழைப்பை எடுக்கவில்லை, 'நான் கால்பந்து வீரன்' என்பதைத் தவிரத் தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் வேறு வாக்கியம் இருக்கவில்லை. மேலே எழுதிய சகோதரி சொல்வது போன்ற அட்டவணை எதுவும் எங்களுக்கு இல்லை. அவனுடைய பழைய பயிற்சியாளர் ஒருவர் மட்டும், கழகத்தில் யாரும் சொல்லாமல் தானாகவே, வாரந்தோறும் அவனை அழைத்துப் பேசினார். அந்த மனிதருக்கு என் குடும்பம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது.

முன்னாள் அணித்தலைவர்

அம்மா, தங்கள் மகனைப் போல வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது நேர்வதில்லை. பார்சிலோனாவோடு 2009இல் மூன்று பெரிய கோப்பைகளை வென்ற கையோடு ஸ்பெயின் வீரர் ஆந்த்ரேஸ் இனியெஸ்தா மனச்சோர்வில் விழத் தொடங்கினார். அந்த ஆகஸ்டில் அவருடைய நண்பரும் எஸ்பான்யோல் அணியின் தலைவருமான தானி ஹார்க்கே மாரடைப்பால் இறந்தது அவரை மேலும் சாய்த்தது. 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 116ஆம் நிமிடத்தில் வெற்றி கோலை அடித்துவிட்டு, அந்த நண்பரின் பெயர் எழுதிய உள்பனியனைக் காட்டி அவர் ஓடியதை எல்லோரும் பார்த்தோம். இடைப்பட்ட மாதங்களில் அவர் உளவியல் உதவியோடுதான் மீண்டார் என்பதைப் பலர் அறிந்தது வெகுகாலம் கழித்தே. பிரேசிலின் ரிச்சார்லிசனும் 2022 உலகக் கோப்பைக்குப் பிறகு தன்னை ஆட்கொண்ட மனச்சோர்வைப் பற்றி 2024இல் வெளிப்படையாகப் பேசி, சிகிச்சை தன் உயிரைக் காப்பாற்றியதாகச் சொன்னார்.

உறக்கத்தைப் பற்றி யாரும் இங்கு எழுதவில்லை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இரவு ஆட்டம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் வீரரின் உடல் விடியும்வரை அடங்காது. உறக்க மாத்திரை அங்கேதான் பழக்கமாகிறது. இங்கிலாந்து வீரர் டெலி அல்லி 2023இல் அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகி மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரங்கள் தங்கியதைச் சொன்னபோது, எங்கள் உடைமாற்றும் அறையில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதுவே என்னைக் கலங்க வைத்தது.

நான் தலைவராக இருந்த அணியில் உளவியலாளர் ஒருவரை நிர்வாகமே அமர்த்தியிருந்தது. அவருடைய அறை மேலாளரின் அறைக்கு எதிரே இருந்தது. ஒருவரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டோம். அது வெறும் கற்பனை பயம் இல்லை: இங்கிலாந்தின் டேனி ரோஸ் 2018இல் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசிய பிறகு, அவரை வாங்க விரும்பிய ஓர் அணி, அவர் பைத்தியம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள நேரில் சந்திக்கக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். எனவே வீரர்கள் சங்கத்தின் செலவில், பயிற்சித் திடலுக்கு வெளியே, அணிக்கு எந்த அறிக்கையும் அனுப்பாத மருத்துவர் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டோம். முதலில் போனவர் அணியிலேயே மூத்தவர். போய்வந்ததை அவரே உடைமாற்றும் அறையில் சொன்னதும், இளையவர்கள் அவரிடம் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேறு அணிக்கு மாறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்கலாமா, கேட்டால் வீரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதில் சங்கத்துக்கும் அணிகளுக்கும் இடையே இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.