16 வயது வாலிபால் லிபெரோவுக்கு வெளிநாட்டு லீக்கில் இடம் கிடைக்குமா?

உட்லண்ட்ஸ்_அப்பா:
மகளுக்கு 16 வயது, 161 செ.மீ. உயரம், சிங்கப்பூர்ப் பள்ளி அணியில் லிபெரோ (பின்வரிசையில் தற்காப்புக்கு மட்டும் ஆடுபவர்). இந்த ஆண்டு ஓ நிலைத் தேர்வு. அமெரிக்காவில் பெண்களுக்கு அடுத்தடுத்து லீக் வந்துவிட்டது, இந்தோனேசிய வீராங்கனை மெகாவத்தி கொரியா வரை போய்விட்டார் என்று ஒரே பேச்சு. உண்மையிலேயே வழி இருக்கிறதா? இப்போதே என்ன செய்ய வேண்டும்?

பின்வரிசை:
லீக் வளர்ந்தது நிஜம் அண்ணே. அமெரிக்காவில் 2021இல் அத்லீட்ஸ் அன்லிமிடெட், 2024 ஜனவரியில் புரோ வாலிபால் ஃபெடரேஷன், 2025 ஜனவரியில் லீக் ஒன் வாலிபால். அதற்கு முன்பெல்லாம் அங்கே கல்லூரி முடித்த பெண்கள் சம்பளத்துக்கு ஆட பெரும்பாலும் இத்தாலி, துருக்கி போன்ற வெளிநாடுகளுக்குத்தான் போக வேண்டும். ஆனால் இந்தப் புது இடங்களில் பெரும்பாலானவை அவர்களுக்கே போகின்றன.

வெளிநாட்டு வீராங்கனைக்கு உள்ள இடத்தை லிபெரோவுக்குச் செலவழிக்க பெரும்பாலான கிளப்புகளுக்கு மனசு வராது. நல்ல லிபெரோ உள்ளூரிலேயே கிடைப்பார். பாயின்ட் எடுக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம். கொரியாவில் 2023-24 பருவத்தில் வந்த ஆசிய ஒதுக்கீட்டில் (ஆசிய நாட்டு வீராங்கனைகளுக்கான இடம்) அணிக்கு ஒருவர்தான். மெகாவத்தி அதில் போனது ஆப்போசிட் ஹிட்டராக (பந்தை அடித்துப் பாயின்ட் எடுப்பவர்), 185 செ.மீ. உயரத்தோடு.

மகளுக்குக் கை மென்மையாக இருந்தால் இப்போதே செட்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) மாற்றிப் பாருங்கள். தாய்லாந்தின் நூத்சரா தொம்கொம் 170 செ.மீ. கூட இல்லை, துருக்கியில் ஃபெனர்பாச்சேவுக்கு செட் செய்தார்.

வலை224:
லிபெரோவை விடச் சொல்வது அவசரம். லீக்கை மறந்துவிட்டு முதலில் அமெரிக்கக் கல்லூரியைப் பாருங்கள். அனைத்துலக விதியில் ஒரு செட்டுக்கு 6 முறைதான் ஆள் மாற்றலாம். அங்கே பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 15 முறை. அதனால் பின்வரிசைக்கு மட்டும் இறங்கி ரிசீவும் (எதிரணி சர்வை வாங்குவது) டிஃபென்சும் பார்க்க டிஃபென்சிவ் ஸ்பெஷலிஸ்ட் என்றே தனி ஆள் வைத்திருப்பார்கள். 161 செ.மீ.க்குப் பொருந்தும் இடம் அதுதான்.

சிக்கல் சர்வில். அனைத்துலக விதிப்படி லிபெரோ சர்வ் போட முடியாது, அதனால் இங்கே லிபெரோக்கள் அதைப் பழகுவதே இல்லை. கல்லூரியில் லிபெரோவும் ஆறு சுழற்சி இடங்களில் ஒன்றில் போடலாம், ஸ்பெஷலிஸ்ட் பெரும்பாலும் போட வேண்டியிருக்கும். ஜம்ப் சர்வ் வேண்டாம், நின்றபடி ஃப்ளோட் (பந்து சுழலாமல் காற்றில் தள்ளாடிப் போகும் சர்வ்) போதும். பந்தைத் தாழ்வாகத் தூக்கி, மணிக்கட்டை இறுக்கி, உள்ளங்கையின் கெட்டியான அடிப்பகுதியால் நடுவில் அடித்ததும் கையை நிறுத்த வேண்டும். பந்து சுழன்றால் தள்ளாடாது, ரிசீவருக்கு அல்வா. குறி ஆள் மேல் அல்ல, இரண்டு ரிசீவர்களுக்கு நடுவே.

பின்வரிசை சொல்வதுபோல செட்டராக மாறினாலும் ஒன்று: 2024 முதல் கல்லூரி ஆட்டத்தில் அணியின் இரண்டாவது தொடுதலில் இரட்டைத் தொடல் (ஒரே ஆள் மேல் பந்து அடுத்தடுத்து இரண்டு முறை படுவது) குற்றமில்லை. அந்தப் பழக்கத்தோடு அனைத்துலக விதியில் ஆடும் லீக்குக்குப் போனால் விசில்தான்.

காணொளி_கைகள்:
கோச்சுகளுக்கு அனுப்பும் காணொளியில் பலர் கோட்டை விடுகிறார்கள். கேமராவை எண்ட் லைனுக்குப் (ஆடுகளத்தின் பின்கோடு) பின்னால் முடிந்த அளவு உயரத்தில் அசையாமல் வையுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் ரிசீவருக்கும் செட்டருக்கும் உள்ள கோணம் தெரியாது. 3 நிமிடத் தொகுப்பு ஒன்று, கூடவே வெட்டாத முழு செட் ஒன்று. பாட்டு சேர்க்காதீர்கள். தவறான பாஸுக்கு அடுத்த பந்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்பதைத்தான் கோச் பார்ப்பார்.

ரிசீவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள்: செட்டருக்கு எல்லாத் தாக்குதலும் திறந்திருந்தால் 3, பாயின்ட் போனால் 0. சராசரி 2.2க்கு மேல் நின்றால் தைரியமாக எழுதி அனுப்பலாம். எதிரணி சர்வ் எவ்வளவு கடினம் என்பதையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை.

பந்தின் காற்றையும் பாருங்கள். விதிப்படி 0.30 முதல் 0.325 கிலோ/ச.செ.மீ. மண்டபத்துப் பந்துகளில் பல கல்லாட்டம் இருக்கும், நல்ல பாஸும் துள்ளிப் போகும். வெயிலில் காற்றடித்து ஏசி அரங்குக்குக் கொண்டுபோனால் தொய்ந்துவிடும். அரங்குக்குள் வைத்தே அளவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்_அப்பா:
நன்றி. சர்வ் அவள் போடுவதே இல்லை, இந்த வாரமே தொடங்கச் சொல்கிறேன். முழு செட் காணொளியில் எதிரணிப் பிள்ளைகளும் தெரிவார்களே, பரவாயில்லையா?

காணொளி_கைகள்:
பொதுவில் ஏற்றாதீர்கள். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்து கோச்சுக்கு அனுப்புங்கள். பள்ளி ஆட்டம் என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.