தாத்தா டப்பா: நம்ம குடும்ப குரூப், ஜூலை 11 ராத்திரி

நான்: அத்தை, 14ந்தேதி பிரெஞ்சு தேசிய நாளுக்கு எடுத்து வக்கலாம்னு தாத்தாவோட பிஸ்கட் டப்பாவ பரண்லேர்ந்து எறக்குனேன். மெடல் மூணு இருக்கு, ஒண்ணுக்கு ரிப்பன பூச்சி அரிச்சிருக்கு. அடியில வட்டமா ஒரு பித்தளை வில்லை, மேல ஒரு ஓட்டை, 418னு அடிச்சிருக்கு. இது எந்த சண்டைக்கு குடுத்த மெடல்? 📷

அத்தை: அது மெடல் இல்லடா கண்ணு. உங்க கொள்ளுத்தாத்தாவோட மில் டோக்கன். நம்ம பாண்டிச்சேரி சவானா மில்லு. கேட்ல அதக் காட்டினாதான் உள்ள விடுவாங்களாம். அது இன்னும் இருக்கா?? நான் தொலைஞ்சி போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்

பெரியப்பா: மெடல நல்லா தொடச்சி வைப்பா. 13 சாயங்காலம் லாந்தர் ஊர்வலம், மறுநாள் பீச் ரோட்ல போர் நினைவுச்சின்னம். அப்பா இருந்த வரைக்கும் ஒரு வருசம் விட்டதில்ல. கோட்டு போட்டு மெடல் குத்திகிட்டு பிரெஞ்சு தேசிய கீதத்தையும் நிமிந்து நின்னு பாடுவாரு, ஜனகணமனவும் பாடுவாரு. நாமளும் விடக்கூடாது

கடலூர் சித்தப்பா: அண்ணா கோச்சுக்காதீங்க, மனசுல உள்ளத சொல்றேன். 14ந்தேதிக்கு டப்பாவ எறக்கறோம், அதே மாசம் 30ந்தேதிக்கு யாராவது எறக்கியிருக்கமா? 1936 ஜூலை 30 அந்த மில்லுலதான் கூலியும் வேல நேரமும் கேட்டு நின்னவங்கள பிரெஞ்சுக்காரன் பட்டாளத்த விட்டு சுட்டான், 12 பேர் செத்தாங்க, அந்த டோக்கன் வச்சிருந்த நம்ம தாத்தாவுக்கு தொடையில குண்டு. சாவற வரைக்கும் கெந்தி கெந்திதான நடந்தாரு. அந்த கொடிக்கு போய் நாம பூ வக்கறோம்

பெரியப்பா: கொடிக்கு வக்கலப்பா. மொத உலகப்போர்ல போய் செத்த நம்ம ஊர்க்காரங்களுக்கு கட்டுன எடம் அது

தங்கச்சி: சித்தப்பா சொல்றது ஒண்ணு எனக்கும் உறுத்துது. என் கிளாஸ் புள்ளைங்களுக்கு நவம்பர் 1 லீவுன்னு தெரியுது, ஏன் லீவுன்னு கேட்டா முழிக்குதுங்க. 1954 அக்டோபர் 18 கீழூர்ல மக்கள் பிரதிநிதிங்க 178 பேர் ஓட்டு போட்டு 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொன்னாங்க, நவம்பர் 1 நிர்வாகம் கைமாறுச்சி, சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆச்சின்னு போர்ட்ல எழுதி போட்டேன். எட்டு பேர் ஏன் மிஸ் வேணாம்னாங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா, சந்தோசமா இருந்துச்சி

பாரிஸ் அண்ணன்: நான் ஒண்ணு சொல்றேன். இங்க சம்பளத்தோட லீவு வருதே, அது 1936 ஜூன்ல ஸ்ட்ரைக் பண்ணி வாங்குனதுன்னு என்கூட வேல செய்றவங்க பெருமையா சொல்வாங்க, வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலன்னும் அப்பதான் சட்டம் வந்துச்சி. அடுத்த மாசமே நம்ம ஊர்ல அதே தொழிலாளி கேட்டா குண்டு. அதே கவர்மெண்ட்டு. நான் இத இங்க கேண்டீன்ல சொன்னப்ப ஒருத்தனுக்கும் தெரியல, பாண்டிச்சேரின்னா மஞ்ச சுவரும் பீச்சும்தான் தெரியுது

கடலூர் சித்தப்பா: அதான்டா தம்பி. அந்த 12 உசுருக்கு அப்பறம்தான் தொழிற்சங்கத் தலைவர் சுப்பையா பாரிசு வரைக்கும் போய் பேசி, 1937ல எட்டு மணி நேர வேலைன்னு இங்க சட்டம் வந்துச்சி

நான்: அப்ப எனக்கு ஒண்ணு புரியல அத்தை. அவரோட அப்பாவ சுட்ட பட்டாளத்துலயே தாத்தா எப்படி போய் சேந்தாரு?

அத்தை: வாய்ஸ்ல சொல்லலாம்னு பாத்தேன், அழுதுடுவேன், டைப்பே பண்றேன். வயித்துக்குதான் போனாரு. கால் போனவருக்கு மில்லுல பழைய வேல குடுக்கல, வீட்ல ஆறு உருப்படி. தாத்தாவுக்கு 20 வயசு, சொல்தாவா, அதான் பிரெஞ்சு சிப்பாயா சேந்தா மாசம் பொறந்தா காசு வரும்னு 1948ல கப்பல் ஏறிட்டாரு, வியட்நாம்ல சைகோனுக்கு. போற அன்னிக்கு அவங்க அப்பா பேசவே இல்லியாம், இந்த டோக்கன மட்டும் சட்டப் பையில போட்டாராம். சைகோன்ல இருந்தத அப்பா ஜாஸ்தி சொல்ல மாட்டாரு. ஒரே ஒரு தடவ, நான் கல்லூரி படிக்கறப்ப, சாப்ட்டுகிட்டு இருக்கும்போது சொன்னாரு, அங்க எங்களுக்கு எதிர நின்னவங்க நம்மள மாதிரியே சேத்துல எறங்கி நாத்து நட்டவங்கம்மான்னு. சோத்த அப்படியே வச்சிட்டு கை கழுவிட்டாரு. அந்த பென்சன்லதான் நாம எல்லாம் படிச்சோம், எங்க கல்யாணம் நடந்துச்சி, இல்லன்னு சொல்ல முடியாது. 62ல ஆறு மாசம் டைம் குடுத்தப்ப பிரெஞ்சு நேஷனாலிட்டி எழுதி குடுத்ததும் அதுக்குத்தான். ஆனா டோக்கன மெடலோட ஒரே டப்பாவுல வச்சிருந்தாரு பாரு

பெரியப்பா: தாத்தா கெந்தி நடந்தத நான் பாத்திருக்கேன். என்ன தோள்ல தூக்கும்போது வலது காலத்தான் ஊனுவாரு. மில்லு பக்கம் போற வழியில வந்தா தெருவ மாத்திடுவாரு, ஏன்னு நான் கேட்டதே இல்ல. 30ந்தேதிக்கு அப்பாவும் என்ன கூப்ட்டதில்ல, நானும் போனதில்ல. தப்புதான்

கடலூர் சித்தப்பா: அண்ணா அப்படி இல்ல, நானும்தான் போனதில்ல. வாய்தான் பேசறேன். எல்லையில இருக்கற முள்ளோடைய தாண்டி அர மணி நேரம் வர முடியலியா எனக்கு

பெரியப்பா: இந்த வருசம் போவோம். நீ 14க்கும் வா. அப்பாவுக்காக வா

கடலூர் சித்தப்பா: வரேன்ணா

தங்கச்சி: நானும் 30ந்தேதி லீவு போடறேன். தொழிற்சங்கத்துக்காரங்க எத்தன மணிக்கு மாலை போடுவாங்கன்னு நாளைக்கே விசாரிச்சி சொல்றேன்

பாரிஸ் அண்ணன்: அன்னிக்கு வீடியோ கால் போடுங்க, நான் வேலைக்கு லேட்டா போறேன்

நான்: அத்தை டோக்கன புளி போட்டு தேய்க்கட்டா? பச்சை பூத்திருக்கு

அத்தை: வேணாம்டா, துணியால மட்டும் தொடச்சிடு. ரெண்டு நாளைக்கும் எடுத்துட்டு வா, புது நூல்ல கோத்து

கடலூர் சித்தப்பா: 30ந்தேதி நான் காலையில 7 மணி பஸ்ஸ புடிச்சி வந்துடறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரல, கடலூர் ரோட்ல ஏஎஃப்டின்னு வேற ஒரு மில்லு இருந்துச்சே, அது கிட்டயே எறங்கிடறேன், யாராவது வண்டி எடுத்துட்டு வாங்க