'பேக்ஸ்டாப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இளங்கலை அரசறிவியல் பாடநூலில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது பற்றிய அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். 'சுங்க ஒன்றியம்', 'ஒற்றைச் சந்தை' ஆகியவற்றில் சிக்கலில்லை, 'பேக்ஸ்டாப்'பில் நின்றுவிட்டேன்.

ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. 1993இல் ஒற்றைச் சந்தை வந்ததும் அங்கே சுங்கச் சாவடிகள் போயின. வட அயர்லாந்து மோதலை முடித்துவைத்த 1998இன் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு ராணுவச் சாவடிகளும் போயின. அவை மீண்டும் முளைக்காதிருக்க, வேறு வழி அமையும் வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும் என்று 2018 நவம்பரில் விலகல் உடன்படிக்கையில் இருதரப்பும் ஒப்புக்கொண்டார்கள். அதுவே பேக்ஸ்டாப். 'காப்பரண்' என்று முதலில் எழுதினேன். ஆனால் எல்லையில் அரணே கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாட்டை அரண் என்பது எப்படிப் பொருந்தும்?

—

ஐயா,

'கடைக்காப்பு' இருக்கிறதே! சம்பந்தர் பதிகத்தின் இறுதிப் பாடலுக்கு அதுதானே பெயர். கடை என்றால் இறுதி. மற்றவை தவறியபின் எஞ்சும் காப்பு என்று பொருள் கச்சிதமாக அமைகிறது. கூடவே, 'சுங்கம்' எதற்கு? வள்ளுவர் சொன்ன 'உல்கு' இருக்கும்போது 'உல்கு ஒன்றியம்' என்றே எழுதலாம்.

—

பெரியவர் பொறுத்தருள வேண்டும். நான் வகுப்பறையில் நிற்பவள். வணிகம் பற்றிய பாடத்தில் 'கடைக்காப்பு' என்று வந்தால், மாணவர்கள் கடைக்குப் போடும் காப்பீடு என்றே படிப்பார்கள். உல்குவும் சுங்கமும் 'சுல்க' என்ற ஒரே வேரின் கிளைகள் என்று வாதிடுவோர் இருக்க, ஒன்றை மட்டும் தூய தமிழ் என்று தூக்கிப் பிடிப்பானேன்? குலோத்துங்கனையே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றுதான் அழைத்தார்கள்.

பேக்ஸ்டாப் ஆடுகளத்துச் சொல். முன்னே நிற்பவர் பந்தைத் தவறவிட்டால் தடுப்பதற்காகப் பின்னே நிற்பது. ஆகவே 'பின்காப்பு' என்றால் போதும்.

—

அம்மா, 'பின்காப்பு' எனக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பு போல ஒலிக்கிறது. 2019 ஜனவரி 15 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பொதுச் சபையில் 432 பேர் எதிர்த்து வாக்களித்து, 202 பேர் மட்டுமே ஆதரித்து அந்த விலகல் உடன்படிக்கை வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வேறு நெறிமுறை எழுதி, சரக்குச் சோதனையை அயர்லாந்துக் கடல் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒருநாளும் நடைமுறைக்கு வராத ஏற்பாட்டுக்கு இத்தனை மின்னஞ்சலா? 'பேக்ஸ்டாப்' என்று ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாம்.

—

நண்பர்களுக்கு நன்றி. ஐவர் 'பின்காப்பு' என்கிறீர்கள், இருவர் ஒலிபெயர்ப்பு என்கிறீர்கள். கெடு நாளை என்பதால் 'பின்காப்பு' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பேக்ஸ்டாப் என்னும் பின்காப்பு' என்றிருக்கும். கடைக்காப்பு ஐயா மன்னிக்க வேண்டும்.

—

மன்னிக்க என்ன இருக்கிறது? என் வாக்கு கடைக்காப்புக்கே. ஆனால் ஒன்று. இருதரப்பும் ஒப்பாமல் அந்த ஏற்பாட்டிலிருந்து பிரிட்டன் வெளியேற முடியாது என்பதுதான் எதிர்த்தவர்களின் பெருங்குறை. நம் ஊர்க் காவலர்கள் கையைப் பின்னால் மடக்கி மாட்டுவதும் காப்புதான். அந்த 432 பேரைக் கேட்டால் உங்கள் 'பின்காப்பு' சரியென்றே சொல்வார்கள்.